கையைப் பற்றி எழுதியவளுக்கு

இன்று பிற்பகல் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கின் பின்பக்கம் பிள்ளைகள் சருகைக் கொளுத்தி முந்திரிக்கொட்டை சுட்டார்கள். ஓடு கருகும் காரமான புகை ஜன்னல் வழியே வந்ததும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீங்க, தள்ளி நில்லுங்க என்று நான் போட்ட சத்தத்தில் ஒரு குழந்தை அழுதேவிட்டது. அதன் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் உனக்கு எழுதத் தொடங்கினேன். நீ இருந்திருந்தால் நீயும் ஓடியிருப்பாய். இதை உன்னிடமல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கல்லூரி முடித்ததும் எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னறையில் நாம் இருவரும் தொழில் தொடங்கினோம். கடைக்காரர்களின் இணையதளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலை. என் அப்பா நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட். உன் அப்பா அதே மைன்ஸில் கான்ட்ராக்ட், அம்மா காடாம்புலியூரில் முந்திரி உடைப்பவர். நாம் செய்வது என்ன வேலை என்று இரண்டு வீட்டாருக்குமே கடைசிவரை விளங்கவில்லை.

நம்முடைய ஒரே பெரிய வாடிக்கையாளர் உன் ஊர் முந்திரி வியாபாரிதான். நமக்கு முன்னால் அவருக்கு வேலை பார்த்தவர்கள், கண்ட கண்ட தளங்களிலிருந்து அவர் தளத்துக்கு லிங்க்குகளை விலைக்கு வாங்கிக் குவித்திருந்தார்கள். பல தளங்கள் ஒரு தளத்துக்கு வழிகாட்டினால் அது நல்ல தளம் என்று தேடுபொறி நம்பிய காலம் அது. பிறகு அது விழித்துக்கொண்டது. வாங்கிய லிங்க்குகளை அடையாளம் கண்டு ஒதுக்கியது. ஒரு காலையில் அவர் கடையைத் தேடினால் பத்துப் பக்கம் தள்ளியும் காணோம். வெளியூர் ஆர்டர்கள் நின்றுபோயின. அவர் நம் வாசலில் வந்து நின்றபோது அவர் முகத்தில் இருந்த பீதி எனக்கும் தொற்றிக்கொண்டது. அவர் போனால் நம் தொழிலும் போயிற்று. இன்னும் நிறைய லிங்க் வாங்கிப் போடுங்கள் என்றுதான் அவர் கேட்டார்.

நீ மட்டும் நிதானமாகச் சொன்னாய். "முந்திரியப் பத்தி எல்லாரும் எழுதிக்கினுதான் இருக்காங்க. உடைக்கிற கையப் பத்தி ஒருத்தரும் எழுதலீங்க."

முந்திரி ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். உன் அம்மாவின் விரல்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காயத்துக்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, எண்ணெய் கண்ணில் தெறித்தால் என்ன செய்வது, இதெல்லாம் வராமல் தடுப்பது எப்படி என்று ஒரு பக்கம் எழுதி அவர் தளத்திலேயே போடலாம் என்றாய். வியாபாரி பயந்துபோனார். வெந்த கையைப் பார்த்தவன் பருப்பு வாங்குவானா என்றார். எனக்கும் அதே பயம். நீயோ அவர் கொட்டகையில் உடைப்பவர்கள் எல்லாருக்கும் கையுறை கொடுக்கச் சொன்னாய். அப்போது அதையும் சேர்த்து எழுதலாம் என்றாய். இரண்டு நாள் யோசித்துவிட்டு அவர் சம்மதித்தார்.

எழுதியதை எடுத்துக்கொண்டு வடலூரில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அவர் திருத்திய பிறகு, எழுதியது யார், சரிபார்த்தது யார் என்று பக்கத்தின் அடியில் போட்டாய். உன் தொலைபேசி எண்ணையும் போட்டாய். பிறகு செவிலியர் கல்லூரிகளுக்கும் விவசாயத் தளங்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பினாய். எங்களுக்கு லிங்க் கொடுங்கள் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. தப்பிருந்தால் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டிருந்தாய். இப்படியும் ஒருத்தி தொழில் செய்வாளா என்று எனக்குத் தலைசுற்றியது. ஆனால் ஒரு செவிலியர் கல்லூரி ஆசிரியை ஒரு தப்பைச் சுட்டிக்காட்டினார். திருத்தியதும் தன் மாணவிகளுக்காகக் கல்லூரித் தளத்திலேயே நம் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தார். அதைப் பார்த்து இன்னொருவர், பிறகு இன்னொருவர். மெல்ல மெல்ல வியாபாரியின் கடை தேடலில் திரும்பி வந்தது.

அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் அந்த அழைப்பு வந்தது. நீ பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். மேஜைமேல் அடித்த உன் கைபேசியை நான் எடுத்தேன். நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பெண். கணவர் சர்க்கரை ஆலையில் ஷிப்டில் இருக்கிறார், குழந்தை நெருப்பில் போட்ட கொட்டை வெடித்துக் கண்ணில் தெறித்துவிட்டது, தேடினேன், உங்கள் நம்பர் இருந்தது என்று சொல்லி முடிப்பதற்குள் அழத் தொடங்கிவிட்டார். பின்னால் குழந்தை வீறிடுவது கேட்டது. உன்னைக் கூவி அழைத்தேன். நீ ஓடிவந்து வாங்கினாய்.

"அம்மா, நல்ல தண்ணிய கண்ணுல ஊத்திக்கினே இருங்க. தேய்க்க வுடாதீங்க. வேற எதுவும் போடாதீங்க. பக்கத்து வூட்ல சொல்லி ஆட்டோ வரச் சொல்லுங்க, ஆட்டோலயும் ஊத்திக்கினே போங்க."

அவர்கள் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்வரை நீ இணைப்பைத் துண்டிக்கவில்லை. வைத்ததும் நம் பக்கத்தைத் திறந்து கண்ணைப் பற்றிய வரிகளை மறுபடி படித்தாய். அன்று நாம் இருவரும் சாப்பிடவில்லை. நாம் எழுதியதில் ஏதாவது பிசகியிருந்தால் என்று நான் ஆரம்பித்தேன், நீ முடிக்க விடவில்லை. மறுநாள் காலை அந்தப் பெண்ணே கூப்பிட்டார். கண்ணுக்கு ஆபத்தில்லை. நீ சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

"எனக்கும் பயம்தான்டி. பயம் வுட்டுப்போச்சுன்னா இந்த வேலைய வுட்டுடணும்" என்றாய்.

உன் ரத்தத்தில் புற்றுநோய் இருப்பது தெரிந்ததும் அன்றுபோல் மறுநாள் காலை நல்ல சேதி வரும் என்று எத்தனை காலைகள் காத்திருந்தேன். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோதும் நீ அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் கேட்டாய். யாராவது எழுதினார்களா, யாராவது தப்புச் சொன்னார்களா என்று.

நீ போன பிறகு தேடலே மாறிவிட்டது. கேள்வி கேட்டால் இயந்திரமே மேலே பதில் எழுதிக் காட்டுகிறது. இனி நம் பக்கத்தை யார் திறப்பார்கள் என்று நடுங்கினேன். போன மாதம் நானே கேட்டுப் பார்த்தேன், முந்திரி எண்ணெய் கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள், தேய்க்காதீர்கள் என்று பதில் வந்தது. அடியில் ஆதாரமாக நம் பக்கம். வாங்கிய லிங்க் எதுவும் வாங்கித்தர முடியாத இடம் அது. சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? எனக்கோ பயம்தான் வந்தது. நம் பெயரைக்கூடப் பார்க்காமல், யார் யாரோ அந்த வரியை நம்பித் தண்ணீருக்கு ஓடுவார்கள்.

அடுத்த நாளே வடலூருக்கு பஸ் ஏறினேன். மருத்துவர் முழுப் பக்கத்தையும் மறுபடி படித்தார். ஒரு வரியை மட்டும் இன்னும் தெளிவாக்கச் சொன்னார். திரும்பி வந்து அதை மாற்றினேன். எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயரை அப்படியே விட்டிருக்கிறேன். தொலைபேசி எண் மட்டும் இப்போது என்னுடையது. குளிக்கப் போனாலும் கைபேசியைக் கதவருகே சத்தமாக வைத்துவிட்டு, மணி அடித்தால் கேட்கும்படி குழாயைப் பாதி திருகித்தான் குளிக்கிறேன்.