ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் பஸ்

ஜூலை 4, 1988. திங்கள்

காலையிலேயே வெயில். மேற்குக் காற்று. ஓடுபாதை நெடுக ஜீப்பில் ஒரு சுற்று. பொறுக்கியவை: ஒற்றைச் செருப்பு, டிபன் பாக்ஸ் மூடி, கிரிக்கெட் ஸ்டம்ப். விமானம் இறங்கும் இடமா, சந்தையா? இதில் எது சக்கரத்தில் மாட்டினாலும் போச்சு. பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு விமானத்தை நேராக இறக்குவதே இன்னும் கைவரவில்லை.

மதிலில் போன வாரம் அடைத்த ஓட்டை, மறுபடி திறப்பு. புல் இடுப்பளவு. வெட்ட ஆள் வரவில்லை. தலைவலி மாத்திரை வாங்க வேண்டும்.

ஜூலை 5

பாதையின் குறுக்கே சைக்கிளில் பால்காரர். நிறுத்தினேன்.

"இன்னா சார், பிளேன் வந்தா சத்தம் கேக்காதா? நான் இன்னா செவுடா?"

இறங்கும்போது என்ஜினை அடக்கிவிடுவார்கள், எதிர்க்காற்றில் கேட்கவே கேட்காது என்றேன்.

"அப்போ ஹாரன் வெக்கச் சொல்லு நைனா." ஏறி மிதித்துவிட்டார்.

ஓடுபாதையில் ஆட்கள் குறுக்கே வருவது பற்றிப் பயிற்சிப் பள்ளித் தலைவர் (கேப்டன்) கேட்ட அறிக்கை முடிந்தது. காரணம்: பொதுமக்களின் அலட்சியம். தடுப்பு: மதிலை உயர்த்துவது. வீட்டில் மனைவி சரோஜாவிடம் வாசித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 7



காலையில் ஒரு மாணவன் தனியாக விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தான். சக்கரம் தரையைத் தொடும் நேரம். புல்லுக்குள்ளிருந்து நாலு பெண்கள், நேரே பாதைக்கு. ஜீப்பிலிருந்து குதித்து, சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டே ஓடினேன். பையன் பார்த்துவிட்டான். மூக்கைத் தூக்கி, அவர்கள் தலைக்கு மேலாக ஏற்றிக்கொண்டு போனான். மூன்று பேர் குப்புற விழுந்து கிடந்தார்கள். நாலாவது ஆள் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சரோஜா. என் மனைவி.

யாருக்கும் அடியில்லை. எல்லார் முன்னாலும் கத்தினேன். அவளும் விடவில்லை.

"பாக்டரி பஸ்ஸை அந்தாண்ட ரோட்டுக்கு மாத்திட்டான். சுத்திப் போனா பஸ் பூடும். லேட்டா போனா கேட்டை மூடிடுறான். எத்தினி வாட்டி சொன்னேன்? காதுல வாங்கினியாய்யா?"

சொன்னாள்தான். பஸ்காரனைத் திட்டுகிறாள் என்று நினைத்தேன். எந்த வழியாகப் போகிறாய் என்று நான் கேட்கவே இல்லை.

ஜூலை 8

அறிக்கையைத் திருத்தித் தருகிறேன் என்று கேப்டனிடம் போனேன். பஸ் நிற்கும் இடம் மாறினால் ஆள் வராது என்றேன்.

"மதிலுக்கு சாங்ஷன் வந்தாச்சு. இப்பப் போய் பஸ் ஸ்டாப்புங்கறீங்க?"

வந்தவர்களில் என் மனைவியும் ஒருத்தி என்றேன். பேனாவை மூடினார். "அது பாக்டரிக்காரங்க வேலை. நீங்களே போய்ப் பேசுங்க."

அரை நாள் லீவு. பாக்டரி வாசலில் பஸ்காரர்: "ஒங்க பக்கம் வண்டி திருப்ப எடமில்ல அண்ணாத்தே." உள்ளே ஆபீசர்: "எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்." எழுதிக் கொடுத்தேன். படிக்காமலே டிரேயில் போட்டார். திரும்பும்போது பஸ்ஸில் பூந்தமல்லி வரை நின்றுகொண்டே பயணம். கடுப்பு.

ஜூலை 11. திங்கள்

மேகமூட்டம். பஸ் இன்று எங்கள் பக்கம் வந்தது! என் மனுவால் அல்ல. சனிக்கிழமை சரோஜாவும் கூட்டாளிகளும் பஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்களாம். திருப்ப இடம் தானாகக் கிடைத்தது. எனக்குப் பால்காரர் சொல்லித்தான் தெரியும்.

ஓடுபாதையில் காலை முழுக்க ஒரு ஆள்கூட இல்லை. ஒரே ஒரு எருமை.

மாலையில் அந்த மாணவன் வந்தான். அன்றிலிருந்து தூக்கமே இல்லையாம். வீட்டுக்கு அழைத்துப் போனேன். சரோஜா தோசை வார்த்துப் போட்டாள்.

"பயந்துட்டியாப்பா?"

"ஆமாங்க்கா."

"நானும்தான்" என்றாள். என்னிடம் இதுவரை சொல்லவில்லை.