உன் முதல் ஆல்பத்துக்கு வந்த விமர்சனங்கள்

நீ உயிரோடு இருந்திருந்தால் இவர்கள் இப்படி எழுதியிருப்பார்களா, தம்பி? எனக்குத் தெரியவில்லை. காலையில் தபாலில் வந்த பத்திரிகை மேசைமேல் கிடக்கிறது. அட்டையில் உன் முகம். உள்ளே இரண்டு பக்கம் முழுக்க உங்கள் ராக் குழுவின் ஆல்பத்தைப் பற்றி. அச்சு மை இன்னும் மணக்கிறது.

முதல் பாதிப் பாடல்கள் மூடிய அறைக்குள் மூச்சடைத்து ஒலிக்கின்றனவாம். பிற்பாதியில் குரல் எல்லையற்ற வெளிக்குப் போய்விடுகிறதாம். தன் மரணத்தை முன்பே உணர்ந்த கலைஞனால்தான் இப்படி அமைக்க முடியும் என்று விமர்சகர் முடித்திருக்கிறார்.

எனக்குத் திண்டிவனத்து மல்லாட்டை மண்டிதான் நினைவுக்கு வந்தது. ஸ்டுடியோவுக்கு வழியில்லாமல் நீங்கள் நால்வரும் ஞாயிறுதோறும் அங்கேதான் பாடிப் பதிவு செய்தீர்கள். கூரைவரை அடுக்கிய வேர்க்கடலை மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்று கண்டுபிடித்தவன் நீ. ஒருமுறை விழுப்புரத்திலிருந்து வந்து ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டேன். மண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

“வாடகைய உடு தம்பி. நீங்க வந்ததுலேர்ந்து ஒரு எலி இல்ல. தெனம் வந்து கத்துங்க.”

“பாத்தியாக்கா, மொத ரசிகரு,” என்றாய்.

ஆல்பம் பாதி முடிந்திருந்தபோது மல்லாட்டை விலை ஏறியது. அவர் சரக்கை விற்றுவிட்டார். போனில் உன் குரல் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் இருந்தது. “மூட்டையெல்லாம் லாரில ஏத்திக்கினு பூட்டாங்கக்கா. இப்ப பாடுனா கெணத்துக்குள்ள பாடற மாதிரி கீது. இன்னா பண்றது?”

“பாடு,” என்றேன்.

ஆல்பம் வெளிவந்ததும் விமர்சனத்துக்காகக் காத்திருந்தாய். வந்தது ஒன்றுதான். நல்ல முயற்சி, வாழ்த்துகள் என்று இரண்டு வரி. என் சமையலறையில் நின்று அதைப் படித்துக்காட்டினாய்.

“திட்டவும் இல்ல, புகழவும் இல்ல. கேக்காமயே எழுதிக்கிறான்க்கா. நல்லா திட்டியிருந்தாகூட ஒருத்தன் முழுசா கேட்டான்னு இருக்கும். எனக்கு அது போதும்.”

அந்த வாரமே பைபாசில் உன் பைக். அதன்பிறகு விமர்சனங்கள் வந்தபடி இருக்கின்றன. எல்லாம் புகழ்ச்சி. பாட்டைக் கேட்டு எழுதுகிறார்களா, சாவைக் கேட்டு எழுதுகிறார்களா என்று ஒவ்வொன்றிலும் தேடுகிறேன்.

மாலையில் உங்கள் டிரம்மர் யூசுப் கோட்டக்குப்பத்திலிருந்து கூப்பிட்டான். “படிச்சீங்களாக்கா? சந்தோஷப்படறதா இன்னான்னு தெரியல.”

“மூட்டைய ஏத்துனவன் பேரையும் போட்டிருக்கலாம்,” என்றேன். சிரிக்கத் தொடங்கியவன் பாதியிலேயே போனை வைத்துவிட்டான்.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். யாரோ ஒரு கல்லூரி மாணவி தன் வலைப்பக்கத்தில் எழுதியதை யூசுப் எனக்கு அனுப்பியிருந்தான். நீ இல்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பாட்டாக எடுத்துக் குறை சொல்லியிருந்தாள். நான்காவது பாட்டில் கிடார் குரலை மூழ்கடிக்கிறது. பிற்பாதி ஏதோ காலிக் கொட்டகையில் பதிவு செய்தது போலிருக்கிறது. உச்சத்தில் வரி முடியும் முன்பே பாடகருக்கு மூச்சு தீர்ந்துவிடுகிறது. கடைசியில் இப்படி: “நல்ல குரல். அடுத்த ஆல்பத்தில் இதையெல்லாம் சரிசெய்துகொள்வார் என்று எதிர்பார்க்கிறேன்.”

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே படித்தேன். நான் ஏற வேண்டிய கோலியனூர் பஸ் வந்தது, போனது. அதன் கீழே யூசுப் எழுதிக் கேட்டிருந்தான்: “அந்தப் பொண்ணுகிட்ட விஷயத்த சொல்லிடலாமாக்கா?”

வேண்டாம் என்று பதில் அனுப்பினேன்.