நீலத் திரையில் ஆறு முட்டை

ஐப்பசி 9, திங்கள்

காலையில் தூறல். துணி காயவில்லை. குளித்ததும் வழக்கம்போல் திருநீறு. சாமி படம், சைக்கிள், தண்ணீர் மோட்டார், கம்ப்யூட்டர் டப்பா. எல்லாவற்றுக்கும் ஒரு சிட்டிகை.

பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் நின்றது. மருமகள் கோமதி டைப் அடித்துக்கொண்டிருந்தாள். திரை முழுக்க நீலம், வெள்ளையில் இங்கிலீஷ். பிறகு தானே அணைந்தது, தானே எரிந்தது. மாலைக்குள் நாலு முறை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவளுக்குப் பரீட்சை. வீட்டிலிருந்தே டைப் அடிக்கிற வேலைக்கு. இந்தக் கம்ப்யூட்டரில், தனி அறையில், கேமரா முன்னால் எழுத வேண்டுமாம். போன் ஆகாதாம். குழந்தையை விட்டுவிட்டு தினமும் மெட்ராஸுக்கு ரயிலேற முடியாது. குழந்தை பிறந்ததிலிருந்து இப்படி ஒரு வேலைக்குத்தான் அலைகிறாள்.

மகன் முனிரத்தினம், அவள் கண்டதை அமுக்கினதால் வந்தது என்றான். கரண்ட் ஏறி இறங்கினதால் என்றாள் அவள். சாப்பாடு வரை இதே.

செவ்வாய்

வெயில். புழுக்கம்.

கே.ஜி.கண்டிகை மெக்கானிக் பாபுவுக்கு மூன்று போன். எடுக்கவில்லை. நாலாவதில் எடுத்தான். நீலத்தில் கடைசியாக ஒரு நம்பர் வரும், அதை எழுதிச் சொன்னால்தான் நோய் தெரியும் என்று வைத்துவிட்டான்.

கோமதி கையில் குழந்தை, சோற்றுக் கிண்ணம். நான் எழுதுகிறேன் என்றேன். போன ஆடியில் பெரியவர்களுக்கான சாயங்கால வகுப்பில் சேர்ந்தவன். இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் தெரியும், வரிசையாக வந்தால். வகுப்பில் கொடுத்த பென்சில், ரப்பரோடு உட்கார்ந்தேன்.

நீலம் வந்தது. ஒரு முட்டை, ஒரு பெருக்கல் குறி, மறுபடி முட்டை. நான் இரண்டாவது முட்டையைச் சுற்றி முடிப்பதற்குள் அணைந்துவிட்டது. மறுபடி வர அரை மணி. வேண்டாத நேரத்தில் வரும், பென்சிலோடு காத்திருந்தால் வராது. பெருக்கல் குறிக்கு அப்புறம் முட்டை ஐந்தா ஆறா என்பதற்கே மதியம் போயிற்று. அழித்து அழித்துத் தாள் கிழிந்தது. ஏழாவது முறை முழுதும் கிடைத்தது.

0x0000001A

என் கையால் எழுதியது. நாலு முறை படித்தேன்.

சாயங்காலம் முனிரத்தினம் வந்தான். "போன்ல ஒரு போட்டோ புடிச்சா முடிஞ்சிது, நைனா." பிடித்தும் காட்டினான். அவனுக்கு ஒரு நொடி, எனக்கு ஒரு பகல். எரிச்சலாக இருந்தது. ஆனாலும் போட்டோவையும் என் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முட்டை ஆறும் சரி. ஒரு தப்பும் இல்லை. சிரித்துக்கொண்டேன்.

பாபு போனை எடுக்கவில்லை.

புதன், கிருத்திகை

மலைக்கு பஸ்ஸில். உட்கார இடமில்லை, முட்டி வலி. கோமதி பேருக்கு அர்ச்சனை. பொட்டலம் நிறையத் திருநீறு. வீட்டுக்கு வந்ததும் டப்பாவின் தலையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி. நோய் பெரிது, சிட்டிகை போதாது.

பத்து நிமிடத்தில் நீலம். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. மூன்று மணிக்குமேல் நீலமும் இல்லை. கீச் கீச் என்று கத்துகிறது, திரை கறுப்பு. முருகா, உன் மலைக்கு வந்து போனதற்கு இதுவா.

பாபு போனை எடுத்தான். மச்சான் எடுக்கிற காவடிக்குத் துணையாக அவனும் மலையில் நிற்கிறானாம். மேளச் சத்தத்தில் நம்பர் கேட்கவில்லை. நாளைக்கு வருகிறானாம்.

கோமதி சாப்பிடவில்லை. முனிரத்தினம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் முறைத்தேன்.

நாளை: பாபுவுக்கு ஆறு மணிக்கே போன். பால். குழந்தைக்குச் சளி மருந்து.

வியாழன்

மழை. பாபு வரமாட்டானாம், போனிலேயே சொல்கிறானாம். நம்பரை ஒவ்வொன்றாகப் படித்தேன். மூன்றாவது முட்டையில் நிறுத்தினான்.

"முட்டைய வுடுங்க பெரியவரே. கடைசி ரெண்டு இன்னா?"

"ஒண்ணு, ஏ."

"ஆங். ரேம்தான்."

ஆறு முட்டைக்கு நான் பட்ட பாடு அவனுக்கு எங்கே தெரியும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு டப்பாவின் பக்க மூடியைக் கழற்றச் சொன்னான். கோமதி கழற்றினாள். உள்ளே வெள்ளை. காற்றாடி மேல், ஒயர் மேல், ரேம் என்கிற பச்சைப் பட்டை மேல், எல்லாம் திருநீறு. டப்பாவின் தலை சல்லடை மாதிரி ஓட்டை. தினமும் வைத்திருக்கிறேன், பார்த்ததில்லை. வைக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறவன்.

"எத்தினி நாளா வெச்சிகினு வர்றீங்க, மாமா?"

வாங்கின நாளிலிருந்து என்றேன். எலி, பல்லி என்று ஏதாவது சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நேற்று ஒரு பிடி வைத்ததையும் சொல்லிவிட்டேன். அவள் முந்தானையால் மூடியைத் துடைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

பாபு போனிலேயே காத்திருந்தான். பெயின்ட் பிரஷ்ஷால் தட்ட வேண்டும், பட்டையைப் பிடுங்கி அதன் மஞ்சள் பல்லை ரப்பரால் தேய்க்க வேண்டும். பசங்க எழுதி அழிக்கிற ரப்பர் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டான். பசங்க ரப்பர் ஏது. என்னுடையது இருந்தது, செவ்வாய்க்கிழமை தேய்ந்தது போகப் பாதி. கொடுத்தேன். கோமதி தேய்த்தாள், ஊதினாள், மாட்டினாள். இரண்டு முறை கீச். மறுபடி பிடுங்கித் தேய்த்தாள். மூன்றாவது முறை எரிந்தது.

மாலை வரை நீலம் இல்லை. அப்போதுதான் வாய் திறந்தாள்.

"இனிமே அதுக்கு வாணாம், மாமா. எனக்கு வையுங்க."

வெள்ளி

மழை விட்டிருக்கிறது. சைக்கிளுக்கு வைத்தேன். மோட்டாருக்கு வைத்தேன். டப்பாவை விட்டுவிட்டேன், கை பழக்கத்தில் போய்த் திரும்பியது.

ஒன்பதரைக்குக் கோமதி அறையை விட்டு வாசல்வரை வந்து நெற்றியைக் காட்டினாள். கொட்டாமல் வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு மணி நேரப் பரீட்சை. குழந்தை என் பக்கத்தில் தூங்குகிறது. வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான், கையெடுத்துக் கும்பிட்டேன், போய்விட்டான். உள்ளே டக் டக் என்று சத்தம். நின்றால் நானும் எழுதுவதை நிறுத்துகிறேன். மறுபடி டக் டக்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இன்னும் தட்டுகிறாள்.

குழந்தை முகத்தைச் சுளிக்கிறது. அழுவதற்குள் தூக்க வேண்—