குழாய்க்கு ஒரு வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் ஒரு நாள் வலிக்கிறது, மறுநாள் வலிக்கப்போவதாகச் சொல்கிறது. என் வயிறு இன்னும் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. நான் முன்னேறியதாகச் சொல்லிக்கொள்ள இப்போதைக்கு அது ஒன்றுதான். அத்தானுக்கு முடி கொட்டுவது நின்றுவிட்டதாமே. கொட்ட ஏதாவது பாக்கி இருந்து நின்றதா என்று விசாரித்து எழுது.

அப்பா ஏன் சரியாகவே பேசமாட்டேன் என்கிறார் என்று போனில் கேட்டாய். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் வெயிலைப் பற்றிச் சொல்லி மழுப்பினேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க அவர் சம்பளத்தில் ஓய்வூதிய நிதிக்கென்று பிடித்தார்கள், உனக்குத் தெரியும். வாரியமும் தன் பங்கைப் போட்டிருக்க வேண்டும். பல வருஷம் போடவில்லை. கண்ணாடி முகப்பு வைத்த புது அலுவலகம் எழும்பியது அந்த வருஷங்களில்தான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று வாரியம் சொல்கிறது, நாமும் நம்புவோம். பிறகு புதிதாக வந்தவர்கள் எல்லாம் ஒப்பந்த ஆட்கள். அவர்கள் நிதிக்குக் கட்டுவதும் இல்லை, அவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை. அப்பா பாஷையில் சொன்னால், தொட்டிக்கு வருகிற குழாய் சிறுத்துவிட்டது, கீழே குடம் வைத்திருப்பவர்களின் வரிசை நீண்டுவிட்டது.

தொட்டியை நிரப்ப வாரியம் கண்டுபிடித்த வழி, தண்ணீர்க் கட்டணத்தை ஏற்றுவது. தொழில் நடக்கிற இடங்களுக்கு இன்னும் அதிகம். இந்தத் தெருவிலேயே அதிகமாகத் தண்ணீர் குடிப்பது யார்? உன் தம்பியின் சலவைக் கடை. கட்டணம் ஏறினால் இரண்டு இயந்திரத்தில் ஒன்றை நிறுத்த வேண்டும். கடையில் கூலிக்கு இஸ்திரி போடுகிற அம்மாளையும் நிறுத்த வேண்டிவரும்.

அப்பா ஓய்வூதியர் சங்கத்தின் செயலாளர். நான் சலவைக் கடைக்காரர்கள் சங்கத்தின் பொருளாளர். தேர்தல் அன்று நான் போகவில்லை, அதனால் என்னையே போட்டுவிட்டார்கள். ஒரு வாரம் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து கோஷ அட்டை தயாரித்தோம். ‘உழைத்த காசைக் கொடு’ என்ற அவருடைய அட்டையில் பிழை திருத்திக் கொடுத்தேன். ‘கட்டணத்தை ஏற்றாதே’ என்ற என் அட்டைக்கு அவர் பசை தடவிக் கொடுத்தார். கோஷம் போடுகிறவனுக்குச் சோறு கிடையாது என்று அம்மா சொன்னதால் ஒத்திகை மட்டும் மாடிப்படியில்.

வாரிய அரங்கில் கருத்துக் கேட்புக் கூட்டம். வாசலில் இருந்த குமாஸ்தா, ஓர் இணைப்புக்கு ஒருவர்தான் பேசலாம் என்றார். கீழே கடை, மேலே வீடு, இரண்டுக்கும் ஒரே இணைப்பு. ஒரே குளியலறை வாசலில் இரண்டு பேர் துண்டோடு நிற்பதுபோல் நின்றோம். நான் விட்டுக்கொடுத்தேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே, இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது.

நன்றாகத்தான் பேசினார். பிடித்த பணம், போடாத பங்கு, கண்ணாடி முகப்பு எல்லாம் வந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் தலைவர் நாற்காலியில் இருந்த அம்மையார் சாந்தமாகக் கேட்டார்:

“நீங்க சொல்றதெல்லாம் நியாயம்தாங்க ஐயா. ஆனா வாரியத்துக்கிட்ட இப்ப பணம் இல்ல. கட்டணத்தை ஏத்தலாமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க.”

ஏற்றுங்கள் என்பது அவர் சங்கத்தின் தீர்மானம். ஒரு வாரமாக மாடிப்படியே அதைக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தது. அப்பா அரங்கில் என்னைத் தேடினார். நான் மின்விசிறி சுற்றுவதை ஆராய்ந்துகொண்டிருந்தேன். 

“வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்மா” என்றார்.

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் பம்ப்செட் வந்தார். அப்பாவோடு நீரேற்று நிலையத்தில் இருந்தவர். அவர் குரலால் அந்தப் பெயர். அன்று அந்தக் குரல் இல்லை. “உன் பையன் கடைக்காக எங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டியேப்பா” என்றார். அவருக்குப் பையனும் இல்லை, கடையும் இல்லை. அந்த ஓய்வூதியம் மட்டும்தான். இரண்டு மாதமாக அது பாதிதான் வருகிறது. மறுநாள் அப்பா செயலாளர் பதவியை விட்டுவிட்டார்.

இப்போது காலையில் கடைக்கு இறங்கிவந்து ஓட்டல் படுக்கை விரிப்புகளை மடிக்கிறார். மூலைக்கு மூலை சேராமல் அவர் மடிக்கிற அழகைப் பார்க்க வேண்டும். சாப்பிட மேலே போனதும் நான் பிரித்து மறுபடி மடிக்கிறேன். அவருக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன்.

முடிவைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் மறுபடி கூட்டம், அதே விதி. இந்தத் தடவை நீ போய்ப் பேசு என்று அப்பா என்னிடம் சொல்லிவிட்டார். நான் போனால் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் பம்ப்செட் உட்கார்ந்திருப்பார் என்பதும் தெரியும்.

அதனால் நீ ஓர் உதவி செய். போன் போட்டு, உன் சொந்த யோசனைபோல அப்பாவிடம் சொல். சங்கத்துக்குத் திரும்பிப் போகட்டும். வாரியம் போடாத பங்கை முதலில் போடட்டும், மீதிக்குக் கட்டணத்தை ஏற்றட்டும் என்று அவரே பேசட்டும். அந்த அம்மையார் மறுபடி கேட்டால் என் முகத்தைப் பார்த்தே சொல்லட்டும். இந்தத் தடவை நான் மின்விசிறியைப் பார்க்கமாட்டேன். இயந்திரம் ஒன்று நின்றால் நிற்கட்டும். இஸ்திரி அம்மாளை நிறுத்தாமல் இருக்க, துணி மூட்டை தூக்குகிற கடைப் பையனை அனுப்பிவிட்டு நானே தூக்குகிறேன். வயிற்றுக்கும் நல்லது. அந்தப் பையனுக்கு அத்தானின் சிநேகிதர் பட்டறையில் இடம் கேட்டுப் பார்.

நான் எழுதியதாக மட்டும் சொல்லிவிடாதே.

உனக்கு வயதானால் உனக்கு யாருடா ஓய்வூதியம் கொடுப்பார்கள் என்று கேட்பாய். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

அன்புடன்,
உன் தம்பி