இடது புருவத்துக்கு மேலே

அம்பத்தூர்
4.2.2025

அன்புள்ள அகல்யா,

நலமா? என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய், அதனால் கடிதம். இங்கே கடை மாவும் நானுமாகக் காலம் ஓடுகிறது.

ஒரு மாதமாக உன் முகத்தை மையில் வரைந்தேன். பென்சிலைத் தொடவில்லை, நேரே பேனாதான். காதோர நரை, மேலுதட்டு மச்சம், எதையும் விடவில்லை. கண்காட்சிக்கு எடுத்திருக்கிறார்கள். முதலில் நீ பார்க்க வேண்டும் என்று அனுப்புகிறேன். கோபம் போதும், வந்துவிடு.

உன்
கிருபாகரன்

பட்டாபிராம்
10.2.2025

கிருபாவுக்கு,

படம் கிடைத்தது. கெட்டிக்காரக் கைதான். என் நரையை ஊருக்கே காட்டப்போகிறீர்கள், சந்தோஷம்.

இடது புருவத்துக்கு மேலே மட்டும் ஏன் வெறும் காகிதம்? வெளிச்சம் விழும் இடத்தில் மை வைக்கக்கூடாது என்பீர்கள். அங்கே விழுந்தது நீங்கள் எறிந்த குக்கர் மூடி.

பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று டாக்டரிடமும் அம்மாவிடமும் சொன்னீர்கள். வாயைத் திறக்காமல் நின்றது என் தப்பு. இப்போது உண்மையைச் சொன்னால் அம்மா நம்பவில்லை. "மாப்ள தங்கமான மன்சன். வழுக்கி வுழுந்ததுக்கு எவளாச்சும் புருசன உட்டுட்டு வருவாளாடி?" என்கிறாள். படத்தைப் பார்த்ததும் கண் கலங்கி, என் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டாள்.

படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தழும்பைப் போடுங்கள். அது எப்படி வந்தது என்று அம்மாவுக்கு எழுதுங்கள். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

அகல்யா

அம்பத்தூர்
2.3.2025

அகல்யா,

மூன்று வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நேற்றுத்தான் போட்டேன். நான்கு தையல். டாக்டர் போடும்போது பக்கத்தில் நின்று எண்ணினேன். முதலில் அதை மறந்துபோய் விட்டுவிடவில்லை, வெட்கமாக இருந்தது.

கண்காட்சிக்குத் தரவில்லை என்று சொல்லிவிட்டேன், படத்தை உனக்கே அனுப்பியிருக்கிறேன். அத்தைக்குத் தனிக் கடிதம் உள்ளே இருக்கிறது. மூடியை எறிந்தவன் நான்தான் என்று எழுதியிருக்கிறேன். இனியாவது வருவாயா?

கிருபாகரன்

பட்டாபிராம்
7.3.2025

கிருபாவுக்கு,

அம்மா உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். படத்திலிருந்த தழும்பைப் பார்த்தாள். பிறகு என் நெற்றியைத் தொட்டு, "நீ சொல்லச் சொல்ல நான் காதுலயே போட்டுக்கலயேம்மா" என்று அழுதாள். கட்டிவைத்த பெட்டியை அவளே பிரித்து, என் புடவைகளைத் தன் பீரோவில் அடுக்கினாள்.

நன்றாக வரைந்திருக்கிறீர்கள். இப்போதுதான் அது என் முகம். இங்கேயே மாட்டியிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் இருந்தது. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

அகல்யா