ஹெப்சிபா அத்தையின் தீர்ப்பு

அன்புள்ளவளுக்கு,

லண்டனில் மழை. பூனை நலம். பிரைட்டனில் உன் தங்கை வீட்டுக் கடற்காற்று உனக்கு ஒத்துக்கொள்கிறது என்று நம்புகிறேன்.

நான் பேய்க்கதையும் நகைச்சுவையும் துதிப்பாட்டும் எழுதுவது உனக்குத் தெரியும். மாதர் இதழில் குடும்பப் பெண்களுக்கு அறிவுரை சொல்லும் ஹெப்சிபா அத்தையும் நான்தான் என்பது உனக்குத் தெரியாது. அத்தைக்கு மீசை இருப்பது தெரிந்தால் வாசகிகள் ஓடிவிடுவார்கள் என்று ஆசிரியர் என் வாயைக் கட்டியிருந்தார்.

சென்ற வாரம் பிரைட்டனிலிருந்து ஒரு பெண் அத்தையிடம் யோசனை கேட்டிருந்தாள். மகனை அடக்கம் செய்த நாள்முதல் அவள் கணவன் உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் எழுதுகிறானாம். மகனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். அவனிடம் திரும்பிப் போகலாமா என்று கேட்டிருந்தாள். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆசிரியர் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். "அத்தை, இந்த ஆளைச் சும்மா விடாதீங்க. நறுக்குன்னு நாலு கேள்வி கேளுங்க!"

கேட்டேன். 'அவனாக வந்து உன் எதிரில் அழும்வரை திரும்பாதே' என்று அத்தை எழுதிவிட்டாள். வியாழனன்று அச்சில் வரும். அத்தையிடம் எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன், இறங்கி வரவில்லை.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். உன் தங்கையை எங்காவது அனுப்பி வை. அவள் எதிரில் எனக்கு அழ வராது.

உன் கணவன்