சீப்பில் இருந்த கறுப்பு முடி

என் குருவிக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் கண்ணாடி முன் இருந்த சீப்பை எடுத்து, அதில் சிக்கியிருந்த முடியைப் பிரித்துப் பார்த்தேன். என் நரைக்கு நடுவே நீளமாக ஆறு. எல்லாம் கறுப்பு.

அப்பா நலம். முழங்கால் வலி என்கிறார். கிரிக்கெட் ஓடும்போது மட்டும் வலிப்பதில்லை.

நீ விடுமுறை முடிந்து கிளம்பிய வாரம், எங்கள் நூலகத்துக்கு ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. ஊசி, ரத்தம் எதுவும் இல்லாமல், தலைமுடியை வைத்தே புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். பிடரியில் ஒரு கொத்து வெட்டித் தரச் சொன்னார்கள். என் பிடரி முழுக்க நரை. வெட்கப்பட்டு, வீட்டுச் சீப்பிலிருந்து கறுப்பாகப் பொறுக்கி உறையில் போட்டுக் கொடுத்தேன். நாற்பத்தேழு வயதில் இந்த அழகு ஒரு கேடு.

போன மாதம், பரிசோதனை முடிவில் புற்றுநோய்ச் சந்தேகம் இருப்பதாகச் சொன்னார்கள். உன்னிடம் மறைத்துவிட்டோம். ஸ்கேன் வரை எல்லாம் எடுத்தேன். ஒன்றுமே இல்லை. அப்பா இனிப்பு வாங்கி வந்தார்.

நேற்று அந்தக் குழுவில் இருக்கும் பெண் போன் செய்து, "அக்கா, இது வெட்டின முடி இல்லையே, வேரோட இருக்கே. வேற யாரோடதும் கலந்துடுச்சா?" என்று கேட்டாள். அப்போதுதான் உறைத்தது. என் தலையில் அவ்வளவு நீளக் கறுப்பு ஏது?

விடுமுறைக்கு நீ உன் சீப்பை விடுதியிலேயே மறந்துவிட்டு வந்து, "உன் சீப்பு என் சீப்பும்மா" என்றாய். மெலிந்துவிட்டாயே என்றதற்கு, "பொறாமையா?" என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இது இன்னும் ஆராய்ச்சிதான், தவறாகவும் இருக்கலாம், ஆனால் சும்மா விட்டுவிடாதீர்கள் என்றாள் போனில் அந்தப் பெண்.

நேற்று உனக்கு மூன்று முறை போன் செய்து, மூன்று முறையும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். "உனக்கு என்னம்மா ஆச்சு?" என்றாய். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணே. அதுதான் தாங்கவில்லை.

இதைத் தபாலில் போடப் போவதில்லை. நீ தனியாகப் பிரித்துப் படிப்பதை நினைக்கவே முடியவில்லை. நாளைக் காலை ரயிலில் நானே கொண்டு வருகிறேன். அப்பாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. நீ இந்த வரியைப் படிக்கும்போது உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். படித்ததும் எழுந்து செருப்பைப் போடு, மருத்துவமனைக்குப் போவோம். மாட்டேன் என்று மட்டும் சொல்லாதே.

உன் தலையும் ஒருநாள் என் தலை மாதிரி முழுக்க நரைக்கட்டும்.

உன் அம்மா